தண்டையார்பேட்டையில் ஸ்ட்ரெஸ் எக்கோ: நாற்பதுக்கு மேல் விளையாடுகிறவர்கள் எடுக்க வேண்டிய சோதனை

வியாசர்பாடியில் பந்து, ராயபுரத்தில் பாக்சிங், எண்ணூர் விரைவுச் சாலையில் விடிகாலை ஓட்டம், அப்புறம் தெருவுக்கு ஒரு ஜிம். வடசென்னையில் நாற்பது வயதைத் தாண்டியும் கிரவுண்டை விடாதவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய ஒரு ஸ்கேன் சென்டரில், ஓட வைத்து இதயத்தைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ எடுத்தேன், எங்கள் டீம் ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனேன். சோதனை நன்றாகச் செய்கிறார்கள், டாக்டர் நிதானமாகப் பேசுகிறார், கொடுத்த காசு வீணாகவில்லை. வரவேற்பறை மட்டும் சரியில்லை. சென்டரின் பெயரைப் போடவில்லை, குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால். எந்த இடத்துக்குப் போனாலும் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் அதுவே போதும்.

நாங்கள் இந்தச் சோதனைக்குப் போனதற்குக் காரணம் எங்கள் கோல்கீப்பர் அண்ணன். துறைமுகத்தில் வேலை, ஐம்பதை நெருங்குகிறார், சிகரெட் கிடையாது. வேறொரு லேபில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பேக்கேஜ் எடுத்திருந்தார். அதில் ஈசிஜி, எக்கோ எல்லாம் உண்டு. ரிப்போர்ட்டில் நார்மல், ஈஎஃப் (கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு) 62% என்று போட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிராக்டிஸில் வேகமாக ஓடும்போது இடது தோளில் ஒரு கனம் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "எக்கோவே நார்மல்னு வந்துடுச்சு, இது வாயுதான்" என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். இந்த நினைப்பு எங்கள் டீமில் மட்டும் இல்லை. எக்கோ நார்மல் என்றால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை.

எக்கோ என்பது ஒலி அலையை வைத்து இதயத்தைப் பார்ப்பது. சுவீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953-ல் தொடங்கி வைத்தது. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. இதயத்தின் அறைகள், வால்வுகள், சுவரின் தடிமன், சுவர் எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் ஆரம்பத்திலேயே மூன்று நான்கு மி.மீ. அகலம்தான். இதயத்தின் மேல் ஓடிக்கொண்டே ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் குழாய்க்குள் கொழுப்பு படிந்து குறுகியிருப்பதைச் சாதாரண எக்கோவில் பார்க்க முடியாது. பார்ப்பது அந்தக் குறுகலின் விளைவை மட்டும்தான். படுத்த நிலையில் அந்த விளைவே வெளியில் வராது. தெருக் குழாயில் ஒரு வீடு மட்டும் தண்ணீர் பிடிக்கும்போது பைப் பாதி அடைத்திருந்தாலும் குடம் நிரம்பிவிடும், எல்லா வீடும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராதது தெரியும். குழாய் 70% குறுகியிருந்தாலும் ஓய்வில் சுவர் ஒழுங்காகவே சுருங்கும்.

அதனால்தான் ஸ்ட்ரெஸ் எக்கோ. முதலில் ஓய்வில் படம், பிறகு டிரெட்மில்லில் ஓட வைத்து, நிறுத்திய கையோடு மறுபடி படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ரத்தம் போதாத இடத்தில் சுவர் மந்தமாகிறது அல்லது அசையாமலே நிற்கிறது. இதில் ஒரு வரிசை உண்டு: ரத்தம் குறைந்தால் முதலில் சுவரின் அசைவு கெடும், அதற்குப் பிறகுதான் ஈசிஜி மாறும், நெஞ்சு வலி பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் கடைசியில். டிரெட்மில்லில் ஓட வைத்து ஈசிஜியை மட்டும் பார்க்கும் சாதாரண டிஎம்டியைவிட இது கூடுதலாகப் பிடிக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். தவிர, பல வருடம் பயிற்சி செய்தவர்களின் ஈசிஜி ஓய்விலேயே சற்று வித்தியாசமாக இருக்கும், அதை வைத்து டிஎம்டி பாசிட்டிவ் என்று எழுதிவிட்டு ஆளைக் கலங்கடிப்பது நடக்கிறது. எக்கோவும் கூட இருந்தால் அந்தக் குழப்பம் பெரிய அளவு தீரும்.

கோல்கீப்பர் அண்ணனுக்கு இந்த சென்டரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஓய்வில் எடுத்த படம் அப்பழுக்கில்லாமல் இருந்தது, முந்தைய லேபின் ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. டிரெட்மில்லில் மூன்றாவது கட்டம் முடியும் முன்பே தோள் கனம் வந்துவிட்டது. நிறுத்திப் படுக்க வைத்துப் பார்த்தபோது இதயத்தின் நுனியும் முன்சுவரும் சுருங்கவில்லை. டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இந்தப் பக்கம் உள்ள வர்றது பாருங்க, இது வரல பாருங்க, முன்பக்கக் குழாய்ல தகராறு இருக்கு, இன்னிக்கே போங்க" என்றார். ஃபோன் போட்டு அரசு மருத்துவமனையில் ஆளிடம் பேசியதும் அவர்தான். ஆஞ்சியோவில் முன்பக்க இறங்கு குழாயில் பெரிய அடைப்பு, முதலமைச்சர் காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணன் இப்போது நடக்கிறார், கோல் போஸ்ட் பக்கம் நின்று பசங்களைத் திட்டுகிறார். ஆடலாமா என்பதை அவருடைய டாக்டர் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இந்த சென்டர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து என் சோதனை. வயது 46, வாரத்தில் பாதி நாள் பந்து, மீதி நாள் ஓட்டம். முன்பு எடுத்த வேறொரு எக்கோவில் 'இடது கீழறை லேசாக விரிந்துள்ளது, ஈஎஃப் 53%' என்று எழுதி, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அதைப் படித்துவிட்டு யாரும் சரியாகத் தூங்கவில்லை. இங்கே டாக்டர், நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கும் ப்ரோபைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டது: என்ன ஆட்டம், எத்தனை வருடமாக, வாரத்துக்கு எவ்வளவு நேரம், குடும்பத்தில் யாருக்காவது ஐம்பத்தைந்துக்கு முன் மாரடைப்பு வந்ததா, ஓடும்போது மயக்கம் உண்டா. விளையாடுகிறவருக்கு எக்கோ எடுக்கும் ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஏனென்றால் பயிற்சியால் இதயம் பெரிதாவது இயல்பு. 1899-லேயே ஹென்ஷென் என்ற சுவீடன் டாக்டர், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தே இதயம் பெரிதாகியிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். இத்தாலியில் 1,309 உயர்மட்ட விளையாட்டு வீரர்களை எக்கோ எடுத்து 1999-ல் வெளியிட்டபோது 14% பேருக்கு இடது கீழறை 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தது. ஆனால் சுவரின் தடிமன் 13 மி.மீ.-ஐ எட்டுவது அபூர்வம். அதே நாட்டில் 1991-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 947 பேரில் 16 பேருக்கு மட்டும்தான் அப்படி. அதற்கு மேல் போனால் இதயத் தசை நோயா என்று தேட வேண்டும்.

ஈஎஃப் விஷயமும் அப்படித்தான். நன்றாகப் பயிற்சி செய்த இதயம் பெரியது, ஒரு துடிப்புக்கு நிறைய ரத்தம் தள்ளும், ஓய்வில் பாதி சுருங்கினாலே உடம்புக்குப் போதும். அதனால் 50-ஐ ஒட்டி ஒரு எண் வருவதுண்டு. அது நோயா உழைப்பா என்பதை ஓட விட்டுப் பார்த்தால் தெரியும்: நல்ல இதயத்தில் ஓடியதும் ஈஎஃப் ஏறும், அறை சின்னதாகும், நோய் உள்ளதில் ஏறாது, சில சமயம் அறை இன்னும் விரியும். எனக்கு ஏறியது. டாக்டர் திரையில் காட்டி விளக்கியபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

டிரெட்மில் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் சென்டருக்கு சென்டர் தரம் மாறுகிறது. வழக்கமாகச் செய்வது புரூஸ் முறை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10% ஏற்றம், நான்காவதுக்கு வரும்போது 6.8 கி.மீ., 16% ஏற்றம். 220-ல் வயதைக் கழித்து அதில் 85% நாடித்துடிப்பு வந்தால் 'டார்கெட் வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுவது பல இடத்தில் பழக்கம். என் வயதுக்கு அது 148. எங்கள் ஆட்டத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே அதைத் தாண்டிவிடுவேன். 148-ல் நிறுத்திவிட்டு நார்மல் என்று எழுதினால், கிரவுண்டில் நான் உண்மையில் தொடும் வேகத்தில் இதயம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே டெக்னீஷியன் 148 வந்ததும் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "அண்ணன் பிளேயர், அவரே போதும்னு சொல்லட்டும்" என்று விட்டுவிட்டார். மூச்சு முட்டி, கால் ஓய்ந்து, கையைக் காட்டும்போது 171. அந்த நேரம் முழுக்க ஈசிஜியில் கண் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி பார்த்துக்கொண்டு, டாக்டர் அறையிலேயே நின்றார். ஷாக் கொடுக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் முன்பு டிஎம்டி எடுத்த இன்னொரு இடத்தில் டாக்டர் அறைக்குள் வரவே இல்லை, மாலையில் கையெழுத்து மட்டும் போட்டார். அது ஆபத்து. சண்டை போட்டாவது கேளுங்கள், நான் ஓடும்போது டாக்டர் இருப்பாரா என்று.

நிறுத்திய பிறகு நடக்கும் ஒரு நிமிடம்தான் இந்தச் சோதனையின் உயிர். மெதுவாக நடந்து ஆற்றிக்கொள்ள விட மாட்டார்கள், பெல்ட் நின்றதும் அப்படியே இழுத்துக்கொண்டு போய் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து ஜெல்லைத் தடவி ப்ரோபை வைக்க வேண்டும். 60 முதல் 90 வினாடிக்குள் படங்கள் முடிய வேண்டும் என்பது வழக்கம். விளையாடுகிறவர்களுக்கு அந்த அவசரம் இன்னும் அதிகம், காரணம் பயிற்சி உள்ளவர்களின் நாடித்துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும், இறங்கினால் மந்தமான சுவர் மறுபடி ஒழுங்காகிவிடும், அடைப்பு கண்ணில் படாமல் தப்பிவிடும். இந்த சென்டரில் டிரெட்மில்லும் கட்டிலும் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கின்றன. ஓடும் முன்பே எப்படிப் படுக்க வேண்டும், எப்போது மூச்சை வெளியே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் டெக்னீஷியன் ஒத்திகை பார்க்க வைத்தார். ப்ரோப் வைக்கும் இடத்தில் நெஞ்சில் மார்க்கரால் குறி போட்டுக்கொண்டார். சின்ன விஷயம்தான், ஆனால் வேலை தெரிந்தவர்கள் செய்வது. சில பெரிய மருத்துவமனைகளில் சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் சைக்கிள் உண்டு, அதில் மிதிக்கும்போதே படம் எடுக்கலாம். நல்ல முறை, ஆனால் சைக்கிள் பழக்கம் இல்லாத பந்தாட்டக்காரருக்கு நாடித்துடிப்பு ஏறும் முன்பே தொடை ஓய்ந்துவிடும். ஓட முடியாத அளவுக்கு முட்டி போனவர்களுக்கு டோபுடமைன் மருந்தை ஏற்றி இதயத்தை வேகமாக்குவார்கள். விளையாடுகிறவருக்கு முதல் தேர்வு ஓடுவதுதான்.

இப்போது இந்தச் சோதனையின் எல்லை. ஸ்ட்ரெஸ் எக்கோ சொல்வது, ஓடும்போது ரத்தத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகல் இருக்கிறதா என்பது மட்டும்தான். அப்படி அடைப்பு உள்ள 100 பேரில் சுமார் 80 முதல் 85 பேரைப் பிடிக்கும், மற்றவர்கள் தப்பலாம். அதைவிட முக்கியம், குழாயைப் பெரிதாகக் குறுக்காத ஒரு கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைப்பதால் வரும் மாரடைப்புகள் நிறைய. அந்தத் திட்டு நேற்று எடுத்த ஸ்ட்ரெஸ் எக்கோவில் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேரை ஓட வைத்த ஜிம் ஃபிக்ஸ் 1984-ல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 52 வயதில் இறந்தார், பிரேதப் பரிசோதனையில் கரோனரி குழாய்களில் பெரிய அடைப்புகள். அவருடைய அப்பாவும் இளம் வயதிலேயே இதய நோயால் போனவர். ஒலிம்பிக் தங்கம் வென்ற ரஷ்ய ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் செர்கெய் கிரின்கோவ் 1995-ல் பயிற்சியின்போது விழுந்து இறந்தபோது வயது 28, காரணம் இதே கரோனரி நோய். பெல்ஜியத்தில் செய்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வாழ்நாள் முழுக்க ஓட்டமும் சைக்கிளுமாக இருந்த நடுவயது ஆண்களுக்குக் கரோனரியில் கொழுப்புத் திட்டுகள் மற்றவர்களைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தன. ஓடாதே என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஓடுகிறேன், அதனால் எனக்கு ஒன்றும் வராது என்ற நம்பிக்கையைத்தான் விட வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு மற்ற நாட்டாரைவிட ஐந்து வருடம்போல முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால், குடும்ப வரலாறு இருந்தால், ஸ்ட்ரெஸ் எக்கோ நார்மல் வந்தாலும் கரோனரி குழாய்களில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோர் சிடி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த டாக்டர் அதை அவராகவே சொன்னார், எங்களில் அப்பாவை மாரடைப்பில் இழந்த ஒருவரை அதற்கு அனுப்பியும் வைத்தார்.

இளம் வயசுப் பசங்களின் கதை வேறு. 35 வயதுக்கு மேல் விளையாட்டில் நடக்கும் திடீர் மரணங்களுக்குப் பெரிய காரணம் கரோனரி அடைப்பு. அதற்குக் கீழே, இதயத் தசைத் தடிப்பு நோய், பிறவியிலேயே கரோனரி குழாய் தவறான இடத்தில் கிளம்புவது போன்றவை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாரவிச் இடது கரோனரி குழாயே இல்லாமல் பிறந்து, அது தெரியாமலே உச்ச நிலையில் ஆடி, 1988-ல் 40 வயதில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். குழாயின் அடைப்புதான் எக்கோவில் தெரியாதே தவிர, ஒல்லியான பசங்களுக்கு அது கிளம்பும் வாய் பெரும்பாலும் தெரியும். ஆனால் தேடினால்தான். ஓடும்போது ஒரு முறை மயங்கி விழுந்த எங்கள் பையன் ஒருவனை இங்கே கூட்டிப்போனபோது, டாக்டர், கரோனரி குழாய்கள் கிளம்பும் பெருங்குழாயான அயோர்டாவின் வால்வு தெரியும் கோணத்தில் ப்ரோபைத் திருப்பித் திருப்பி, இரண்டு வாயும் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டி, ரிப்போர்ட்டிலும் ஒரு வரி எழுதினார். பள்ளி, கிளப் சர்ட்டிபிகேட்டுக்காக ஐந்து நிமிடத்தில் எடுக்கும் எக்கோவில் அந்த வரி இருக்காது. கேட்டு எழுத வையுங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். டோக்கன் முறை பெயருக்குத்தான், எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொன்ன ஆட்களை இப்படி உட்கார வைப்பது தப்பு, எங்களோடு வந்த சர்க்கரை உள்ள ஒருவருக்குப் படபடப்பே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் முதலில் 'இஸ்கீமியா (ரத்தம் போதாமை) இல்லை' என்ற ஒரு வரி மட்டும்தான் இருந்தது. எந்தக் கட்டம் வரை ஓடினேன், உச்ச நாடித்துடிப்பு எவ்வளவு, எத்தனை வினாடியில் படம் எடுத்தார்கள் என்பதெல்லாம் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். அந்த எண்கள் இல்லாத ரிப்போர்ட்டை அடுத்த வருடம் எதோடு ஒப்பிடுவது? படங்களையும் கேட்டால்தான் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள், கேளுங்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை, டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை விட்டுவிட்டு உள்ளே ஓடுவது தனி ஸ்ட்ரெஸ், மெட்ரோவில் வந்துவிடுங்கள்.

பெண்களுக்கு உடை மாற்ற ஒரு திரைதான், அறை இல்லை. எங்களோடு ஓடும் அக்கா ஒருவர் அதனாலேயே முதல் நாள் எடுக்காமல் திரும்பிவிட்டார். பெண்களுக்குச் சாதாரண டிஎம்டியில் பொய்யான பாசிட்டிவ் அதிகம் வரும், அவர்களுக்குத்தான் இந்த எக்கோ கூடுதல் பயன், அவர்கள் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகும்படி இடத்தை வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறோம். பெண் டெக்னீஷியன் தினமும் இருப்பதில்லை, அந்த அக்கா ஃபோனில் கேட்டுக்கொண்டு அவர் இருக்கும் நாளில் போய் முடித்துவிட்டு வந்தார்.

கட்டணம் எனக்கு 3,500 ரூபாய் ஆனது, சாதாரண எக்கோவும் தனியாக டிஎம்டியும் எடுத்தால் கிட்டத்தட்ட அதே அளவு வரும். ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே செருப்போடு வந்தவரை வெறுங்காலில் ஏற்றினார்கள், பாதம் எரிந்து அவர் சீக்கிரமே இறங்கிவிட்டார், சோதனை அரைகுறை. காபி, டீ வேண்டாம். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை போடலாமா என்று முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது, நீங்களாக நிறுத்தவும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ வலி பரவுகிறது என்றால் இந்த சென்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்குப் போங்கள். மற்றபடி சனிக்கிழமை காலை இடம் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, வார நாளில் முதல் ஆளாகக் கேட்டு வாங்கினால் காத்திருப்பும் குறையும், டாக்டரும் நிதானமாகப் பேசுகிறார்.